ஒரே பெட்டியில் சொருகிய இரண்டு முனை

அம்மணி,

இன்று காலை இன்டர்நெட் பெட்டி ரூமின் கதவைத் திறந்ததும் அந்த வாசம் மூக்கில் ஏறியது. சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசம். "வேலை செய்யற பொருளுக்கு வேர்வை நாத்தம் இருக்குமுங்கக்கா" என்பீர்கள். நான் விளக்குமாறோடு நின்றிருந்தேன். கதிரேசன் புதிதாகச் சேர்ந்த லைன்மேனுக்கு ரூமைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போது என் காதுபடச் சொன்னான்: "இங்க முன்னாடி ஒரு வயசான அம்மா போன் எடுத்துட்டு இருந்தாங்க. ஒருநாள் தெரியாம வயரைச் சுத்திச் சொருகி லூப் போட்டுப்போட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ஊரே படுத்துருச்சு. அதனால வயரைப் பாத்துத் தொடுங்க."

அதனால்தான் இந்த மடல். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. செத்தவர்களுக்குக் கடுதாசி எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. உயிரோடு இருந்தவர்களுக்கே எழுதினதில்லை. அஞ்சாங்கிளாஸோடு தறிக்குப் போனவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் நடந்தது எதுவும் எனக்கு மறக்காது. அது உங்களுக்கும் தெரியும், என் கொழுந்தனார் மகன் கதிரேசனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறான் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தறிகள் பழைய இரும்புக்குப் போன பிறகு குடோன் வெறுமனே கிடந்தது. முன்பக்கத்து ரூமை இன்டர்நெட் தொழிலுக்கு என்று கதிரேசன் கேட்டான். கொடுத்தேன். சாவி ஒன்று என்னிடம்தான் இருக்கும் என்று அன்றைக்கே சொல்லிக் கொடுத்தேன். மாடியில் குடிவந்த நீங்கள் கோயமுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்ததும், கம்ப்ளெயிண்ட் போன் எடுக்க உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தவனும் அவன்தான். "உங்க குரலுக்குக் கோவமா பேசறவங்க கூட அடங்கிப்போயிருவாங்கம்மா" என்று அன்று குழைந்தான்.

எனக்குப் பகலில் வேலையில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். முதல் நாளே கேட்டேன், "இந்த வயருக்குள்ள என்னதானுங்க ஓடுது?"

"பேச்சுதானுங்கக்கா. அனுப்பறவங்க ஒருத்தர், வாங்கறவங்க ஒருத்தர், நடுவுல ஒரு வழி, போற சேதி, அப்பறம் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட முறை. இந்த அஞ்சும் இருந்தாப் போதும். எக்ஸ்சேஞ்சுலயும் இதுதான், இங்கயும் இதுதான்."

"முறைன்னா?"

"நம்ம ஊட்டுக்கு ஒருத்தர் வந்தா மொதல்ல என்ன சொல்லுவீங்க?"

"வாங்கன்னு சொல்லுவேன்."

"அவரு?"

"வாரேனுங்கன்னு சொல்லுவாரு. தண்ணி குடுத்து, குடிச்ச பொறவு வந்த சோலியக் கேப்பேன்."

"எடுத்ததும் சோலி என்னன்னு கேட்டா?"

"செருப்பை மாட்டிட்டுத் திரும்பிப் போயிருவாரு."

"மிஷினும் அப்படித்தானுங்க. வாங்கன்னு ஒண்ணு சொல்லணும், வாரேன்னு இன்னொண்ணு சொல்லணும், சரிங்கன்னு மறுபடி சொல்லணும். அப்பறந்தான் சேதி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்காக்காரன் செய்த மிஷினும் எங்கள் பக்கத்து மரியாதையைத்தான் கற்று வைத்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை. கதிரேசன் ஒருமுறை எட்டிப் பார்த்து, "பெரிம்மாளுக்கு இன்டர்நெட் கிளாஸா? ஹால் டிக்கெட் எப்பங்க குடுப்பீங்க?" என்றான். அதை நான் மறக்கவில்லை. நீங்கள் "தம்பி, கேக்கறவங்களுக்குச் சொல்றது என் தொழில்" என்று பதில் சொன்னதையும் மறக்கவில்லை.

எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் முடிக்கிற வரைக்கும் அந்த வழி முழுக்க அவர்களுடையது, அவர்கள் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் வேறு ஆள் நுழைய முடியாது என்றீர்கள். இங்கே அப்படியில்லை, சேதியைத் துண்டுதுண்டாக நறுக்கித்தான் அனுப்புவார்கள் என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. நீங்கள் வெள்ளகோவிலில் நடந்த என் அக்கா பேத்தி கல்யாணத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

"நம்ம சந்தே கல்யாணத்துக்குக் கெளம்புதுன்னு வெச்சுக்கங்க. எல்லாருக்கும் ஒரே வண்டி கெடையாது. கெடச்ச பஸ்ஸுல ஏறிக்கறாங்க. கொஞ்சப்பேரு பல்லடம் வழியா, கொஞ்சப்பேரு திருப்பூர் சுத்தி. ஒவ்வொருத்தர் கையிலயும் மண்டபத்து வெலாசமும் அவங்க வரிசை நம்பரும் இருக்கு. எப்ப வந்தாலும் மண்டபத்துல நம்பர்படி உக்கார வெச்சுருவாங்க. பன்னெண்டாம் நம்பரைக் காணோமுன்னா, அவரை மட்டும் திரும்ப அனுப்புங்கன்னு சேதி போகும்."

"வழியில அவரு செத்துப்போயிருந்தா?"

"அவர மாதிரியே இன்னொரு பன்னெண்டு செஞ்சு அனுப்புவாங்கக்கா. அவங்க பொண்டாட்டிக்குக் கூட வித்தியாசம் தெரியாது."

அன்று நாம் சிரித்த சிரிப்பில் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நீங்கள் ஒரு கம்ப்ளெயிண்ட் போனை எடுக்காமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீங்கள் சாப்பிட மாடிக்குப் போயிருந்தீர்கள். காலையில் கதிரேசன் எதையோ சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு நீல வயரை அப்படியே விட்டுப் போயிருந்தான். ஒரு முனை பெட்டியில் சொருகியிருந்தது, இன்னொரு முனை காற்றில் தொங்கியது. தொங்கவிட்டுப் போனவன் அவன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் யாரும் அதை எங்கேயும் சொல்வதில்லை.

நான் கூட்டிக்கொண்டே வந்தேன். அந்த முனை கண்ணில் பட்டது. தறியில் நாற்பது வருசம் பாவு நூல் பிணைத்த கை இது. புதுப் பாவு வந்தால் பழைய இழையோடு ஒவ்வொரு இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று விட்டுப்போனால் துணி முழுக்கக் கோடு விழும். அறுந்து தொங்குகிற முனையைப் பார்த்தால் என் புத்தி யோசிக்காது, கை தானாகப் போகும். அதே பெட்டியில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. எடுத்துச் சொருகினேன். டக்கென்று சத்தம் வந்தது. முடிச்சு விழுந்தது என்ற திருப்தியோடு அடுத்த மூலையைக் கூட்டப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் போன் ஓயவேயில்லை. எங்கள் லைன் போகிற ஆறு சந்திலும் நெட் இல்லை. நீங்கள் ஓடி வந்தீர்கள். ஆளுக்கொரு நேரம் மினுக்குகிற பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக, வெறி பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. பெட்டியை நிறுத்திப் போட்டுப் பார்த்தீர்கள், திரும்பவும் அதே துடிப்பு. கதிரேசன் வந்தான். ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டி வரச் சொன்னான். அவர் வந்து சேர்வதற்குள் நீங்களே ஒவ்வொரு வயராகக் கையால் தடவித் தடவிப் போய், அந்த நீல வயரைக் கண்டுபிடித்து உருவினீர்கள். விளக்குகள் அடங்கின. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். ஒரு தரம்தான் பார்த்தீர்கள்.

"ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருந்துச்சு தம்பி" என்றீர்கள்.

"யாரு சொருகுனது?"

"தப்பு எங்க இருக்குதுன்னு சொல்லிட்டேன். யாருன்னு கேக்காதீங்க. ரூமு எம்பொறுப்பு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள், எலும்பு வலிக்கிற மாதிரி. நான் வாயை மூடிக்கொண்டேன். எழுபது வயசில் நான் ஒருத்தர் சொல்லுக்கு அடங்கிப்போனது அந்த ஒருதரம்தான். அதற்காக உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மறைக்கவில்லை.

கதிரேசன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா. வயசான காலத்துல இதெல்லாம் செரமமுங்க" என்றான். எங்கள் ஊரில் ஆளை வெளியே அனுப்புவதற்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். நீங்கள் கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினீர்கள். மறுநாள் பால் வாங்குகிற இடத்தில் ஒருத்தி என்னிடமே கேட்டாள்: "உங்க மாடியில இருக்கறவங்களுக்கு ஞாவக மறதியாமா?" ஆயுசு முழுக்க ஒரு இணைப்பைக் கூடத் தப்பாகப் போடாதவருக்கு.

உங்களிடம் வந்து சண்டை போட்டேன். "எனக்கு வாயில்லைன்னு நெனச்சீங்களா? நான் செஞ்சதை நான் சொல்ல மாட்டனா?"

"சொன்னா உங்க ரூமுக்குள்ளயே உங்கள வரவேண்டாமுன்னு சொல்லிருவான்."

"என் ரூமு. அவன் யாரு சொல்றதுக்கு?"

"விடுங்கக்கா."

விடுகிறவளா நான்? மூன்றாம் நாள் அந்த இன்ஜினியர் ஏதோ மாட்ட வந்திருந்தார். கதிரேசனும் இருந்தான். நேரே போய், "அந்த வயரைச் சொருகுனது நாந்தான்" என்றேன்.

கதிரேசன் சிரித்தான். "அந்தம்மாளைக் காப்பாத்த வந்தீங்களா பெரிம்மா? எந்த வயரு எங்க போவுதுன்னாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டீர்களா அம்மணி? தப்புச் செய்தவள் என்று ஒப்புக்கொள்ளக் கூட எனக்குப் படிப்பு போதாதாம். குற்றத்துக்கும் சர்டிபிகேட் கேட்கிறான்.

சொன்னேன். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை என் வாய்க்கு வந்த மாதிரி சொன்னேன். "இந்தப் பெட்டிக்கு ஒரு ஊடு எங்க இருக்குதுன்னு தெரியலைன்னா எல்லாக் கதவுக்கும் கேக்கும், இந்த நம்பர் யாருதுன்னு. அந்த ஊடு மட்டும் நாந்தான்னு சொல்லும், மத்ததெல்லாம் பேசாம இருக்கும். அப்படித்தான?"

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படித்தானுங்க."

"ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருந்தா, இந்தக் கதவுல போன கேள்வி அந்தக் கதவு வழியாத் திரும்ப வருது. பெட்டிக்கு அது தன் பேச்சுத்தான்னு தெரியாது. புதுசுன்னு நெனச்சு மறுபடி எல்லாத்துக்கும் கேக்கும். அதுவும் சுத்தி வரும். நம்ம பங்காளி வகையறாவுல ஒரு பேச்சு சுத்தறாப்புல. கெளப்பி விட்டவ காதுக்கே நாலு நாள் கழிச்சுப் புதுசா வரும், அவளும் அப்படியான்னு கேட்டுட்டு இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லுவா. அப்பறம் அந்த ஊருல உருப்படியா யாரு பேச முடியும்? வழி பூராவும் வெறும் கத்தல்தான் நெறஞ்சு கெடக்கும்."

"கரெக்டா சொல்றாங்க சார்" என்றார் இன்ஜினியர்.

"அந்தம்மா சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பாங்க" என்றான் கதிரேசன். இன்னும் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை.

நான் மேசை மேல் கிடந்த வயரை எடுத்தேன். ஒரு முனையை ஒரு ஓட்டையிலும் மறு முனையை அதற்கு இரண்டு ஓட்டை தள்ளியும் சொருகினேன். திரும்பி, பெட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் விளக்குகள் துடிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. முதல் போன் அடித்தது. இரண்டாவது அடித்தது.

"பெரிம்மா, எடுங்க அதை."

"யாரு சொருகுனதுன்னு சொல்லு."

"வெளையாடற நேரமில்லீங்க."

"போனை எடு. எடுத்து அவங்களுக்குச் சொல்லு. அன்னைக்கும் எங்க பெரிம்மாதான், இன்னைக்கும் எங்க பெரிம்மாதான்னு சொல்லு."

அவன் என்னைத் தொட்டு நகர்த்த முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து வளர்த்தவளை எப்படித் தள்ளுவான்? இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிசம் இருக்கும். கடைசியில் எடுத்து, தொண்டையைச் செருமி, "எங்க பெரிம்மா தெரியாம வயரை மாத்திச் சொருகிட்டாங்க... ஆமாங்க, அன்னைக்கும் அவங்கதானுங்க" என்றான். 'தெரியாம' என்ற சொல்லைத் திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். வயரை உருவினேன்.

அன்று மாலையே உங்களைத் திரும்ப வரச் சொல்லி மாடிக்கு வந்தான். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வெற்றிக்களையோடு. நீங்கள் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இறங்கி வந்தீர்கள், சொன்னீர்கள்.

"மூணாவது சந்துல ஒரு பொண்ணு இன்டர்வியூவுல உக்காந்திருந்துச்சுங்க. கோயமுத்தூர் கம்பெனி. பாதிப் பேச்சுல அறுந்துபோச்சு. மறுபடி அவங்க கூப்புடவே இல்லையாமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதானுங்க. அதனாலதான் லைன்ல யாரு இருக்காங்கன்னு தெரியாம ஆப்பரேட்டர் வயரை உருவ மாட்டா. அன்னைக்கு நீங்க செஞ்சது தெரியாமச் செஞ்ச தப்பு. இன்னைக்குச் செஞ்சது வெறும் தப்பில்லை, தெரிஞ்சே செஞ்சது."

"உங்க பேருக்காகத்தான செஞ்சேன்."

"என் பேரு அவ்வளவு பெருசில்லீங்க."

அங்கேதான் நமக்குள் ஒத்துவரவில்லை. உங்கள் பேர் பெரிசு. நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஒருத்தர் தன் பேரை அவ்வளவு சுலபமாகக் கீழே வைத்தால், போகிறவன் வருகிறவன் எல்லாம் மிதிப்பான். பால்காரர் வாசல் வரைக்கும் அது வந்துவிட்டதை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருசம் நீங்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் வந்தால் "வாங்கக்கா" என்பீர்கள். எழுந்தால் "சரிங்கக்கா" என்பீர்கள். வயரைப் பற்றிப் பேச்சில்லை, சிரிப்பில்லை. நானும் கேட்கவில்லை. மரியாதையால் ஒருத்தியை எவ்வளவு தூரத்தில் நிறுத்தி வைக்கலாம் என்று உங்களிடம்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, மூச்சு வாங்க வாங்க நீங்களே ஆரம்பித்தீர்கள். "அந்தப் பொண்ணு ஊட்டுக்கு ஒருதரமாச்சும் போனீங்களாக்கா?"

"அடுத்த நாளே போனேன். நாந்தான் அறுத்தேன்னு சொன்னேன்."

"என்கிட்டச் சொல்லவேயில்லை?"

"நீங்க கேக்கவேயில்லை."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். இருமல் வந்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. நீங்கள் "ரெண்டு வருசமுங்க" என்றீர்கள். "எனக்கும் ரெண்டு வருசந்தான்" என்றேன். நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். அன்று என்னைச் சொன்ன சொல்லை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. செய்ததற்கு நானும் வருத்தம் சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவர் மனசு குளிரட்டும் என்று பொய் சொல்கிற ஆள் நானில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்கே பிடித்திருக்காது.

இன்று காலை கதிரேசன் அந்த லைன்மேனிடம் சொன்னதும் நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தேன். "ஏனுங் தம்பி" என்று அந்தப் புது ஆளைத்தான் கூப்பிட்டேன். "லூப் போட்டது அந்தம்மா இல்லீங்க. நானு. மொதல் தடவை தெரியாம, ரெண்டாந்தடவை தெரிஞ்சே. கண்டுபிடிச்சுச் சரி பண்ணுனது அந்தம்மா. வயரைத் தொங்கவிட்டது யாருன்னு உங்க மொதலாளியையே கேட்டுக்கங்க." கதிரேசன் "விடுங்க பெரிம்மா, செத்தவங்களைப் பத்தி எதுக்கு" என்றான். "செத்தவங்களைப் பத்தி நீதான ஆரம்பிச்ச?" என்றேன். அவன் நாளைக்கும் சொல்வான், நான் இல்லாத இடத்தில் சொல்வான். எத்தனை தரம் சொல்கிறானோ அத்தனை தரம் நானும் சொல்வேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்று மூன்றாவது சந்துக்குப் போய் நான் சொன்னபோது அந்தப் பெண் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "எதுக்குங்க பத்து நிமிசம்? ஒரு நிமிசத்துல உருவியிருக்கலாமில்லைங்க?" என்றாள். நான் உங்கள் பேரைச் சொன்னேன், கதிரேசன் சிரித்ததைச் சொன்னேன். "அதுல நான் எங்கீங்க வந்தேன்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு அப்புறம் வேறு வேலை கிடைத்துவிட்டது. கோயமுத்தூருக்குத்தான் தினமும் போகிறாள்.

போன வாரம் சூலூரில் பஸ் ஏறினேன். அவள் முன்னால் நின்றிருந்தாள். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பார்த்தாள். உட்காரவில்லை. சிங்காநல்லூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை அம்மணி. கெட்டிக்காரப் பெண், மறக்காதவள். யாராவது வந்து உட்கார்ந்துவிடாதபடிக்கு, அவள் இறங்குகிற வரைக்கும் அந்த சீட்டில் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.